வலிக்காத பல்லுக்கு மருந்து

வலிக்காத ஒரு பல்லைக் காட்டி மதுரன் வாயைத் திறந்தான்.

"இதா வலிக்குது?" என்றார் பல் டாக்டர்.

"ஆமாங்க, உசிரு போகுது."

"நான் இன்னும் தொடவே இல்லியே."

எல்லாம் பரிமளத்தால் வந்தது. அவன் பதுளை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டது, எச்.ஐ.வி. தொற்றாமலிருக்கத் தினமும் போடும் மாத்திரைக்காக. அப்படி ஒன்று இருப்பதே அவன் காதலன் ஜனுஷன் சொல்லித்தான் தெரியும். தேயிலைத் தோட்டத்தில் தெரிந்தால், மாத்திரை போடுகிறவனுக்கு நோய் என்றே முடிவு கட்டிவிடுவார்கள். பிறகு ஜனுஷனைப் பற்றி விசாரிப்பார்கள்.

பூனாகலையில் பஸ் ஏறியதும், பக்கத்து லயத்துப் பரிமளம் அருகில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு ஒன்று தெரிந்தால் மறுநாள் கொழுந்து மலை முழுக்கத் தெரியும். "எங்கப்பா போற?" என்றதும் அவன் வாயில் வந்தது பல்வலி.

"நானும் ஆஸ்பத்திரிக்குத்தான். வா, கூட்டிட்டுப் போறேன்" என்றாள். வழியெல்லாம் பேச்சு. "தீவாளிக்கு எங்க வீட்டுக்காரரு கொழும்புலருந்து வர்றாரு. அங்க எப்படி இருக்காரோ, யாரு கண்டா."

பல் டாக்டர் சிரித்துக்கொண்டே அவனை அனுப்பிவிட்டார். பல் தப்பியது. வாசலில் காத்து நின்ற பரிமளத்திடமிருந்துதான் தப்ப முடியவில்லை.

"நீங்க ஒங்க வேலையப் பாருங்கக்கா. நான் போயிக்கிறேன்."

"வலியோட இங்க சுத்திக்கிட்டு இருக்காத. நேரா வீட்டுக்குப் போ."

அவளே அவனை பஸ்ஸில் ஏற்றி, பஸ் புறப்படும்வரை நின்று பார்த்தாள்.

அடுத்த தரிப்பில் குதித்திறங்கி, மதுரன் ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தான். ஆஸ்பத்திரிக் கோடியில் அந்த மாத்திரை கொடுக்கும் அறை. தலையைக் குனிந்துகொண்டு கதவைத் தள்ளினான்.

உள்ளே வாங்குப் பலகையில், முந்தானையால் பாதி முகத்தை மூடியபடி பரிமளம் உட்கார்ந்திருந்தாள்.

தன்னைப் பிடிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தான். இனி மறைத்துப் பயனில்லை.

"எனக்கு நோயெல்லாம் இல்லக்கா" என்றான், அழாத குறையாக. "வராம இருக்கத்தான் ஒரு மாத்திரை குடுக்குறாங்களாம். அதுக்குத்தான் வந்தேன்."

பரிமளம் முந்தானையை முகத்திலிருந்து இறக்கினாள். பிறகு நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.

"சோறு சாப்பிட்டுட்டுப் போடுப்பா, எனக்கும் மொதல்ல வயித்தப் பொரட்டுச்சு."