இடப்பக்கத் திருப்பம்

மருத்துவமனையின் நீண்ட வராந்தாவில், வெயில் விழும் இரு முனைகளிலும் ஒவ்வொரு பிளாஸ்டிக் நாற்காலி. ஆறு நிமிடத்தில் தங்கை எவ்வளவு தூரம் நடக்கிறாள் என்று பிசியோ பெண் அளந்துகொண்டிருக்கிறாள். பத்தாயிரம் மீட்டர் ஓட்டத்தில் நாட்டின் சாதனை இன்றும் தங்கையின் பெயரில்தான் இருக்கிறது. அதைச் சொல்லிவிட அக்காவுக்கு நாக்கு நமநமக்கிறது. தங்கை முறைப்பாளே என்று மென்று விழுங்கிவிட்டு, ஆக்சிஜன் சிலிண்டரைத் தள்ளிக்கொண்டு பின்னால் வருகிறாள். ஒரு காலத்தில் எட்டிப் பிடிக்க முடியாத முதுகு. இப்போது அதை இடித்துவிடாமலிருக்க நின்று நின்று வரவேண்டியிருக்கிறது. “வலப்பக்கமா திரும்புங்கம்மா,” என்கிறாள் பிசியோ. மைதானத்தில் இருபத்தைந்து சுற்றும் இடப்பக்கமே திரும்பி ஓடிப் பழகிய உடம்பு கேட்டால்தானே? இடப்பக்கம் சாய்ந்து திரும்புகிறது. மூக்குக் குழாய் முறுக்கிக்கொள்கிறது. “அவ இப்படித்தாங்க திரும்புவா,” என்று அக்கா சிக்கெடுக்கிறாள். “ஆறு நிமிஷம் ஆச்சு. நூத்தி எண்பது மீட்டர், பரவால்லயே!” என்கிறாள் பிசியோ. தங்கை சுவரைப் பிடித்துக்கொள்கிறாள். “அரைச் சுத்துகூட வரலயேக்கா.” சொல்லும்போதே அவளுடைய வலக்கை விரல், ஓட்டம் முடிந்ததும் செய்வதுபோல, கடிகாரத்தை நிறுத்த இடது மணிக்கட்டைத் தேடி அழுத்துகிறது. அங்கே நோயாளி எண் எழுதிய பட்டைதான் இருக்கிறது. விரல் அழுத்திக்கொண்டே இருக்கிறது. அக்கா அதை மெல்ல விலக்குகிறாள். “நின்னுடுச்சுடி. விடு.”