முகத்தில் கோளாறு

செலஸ்டினாவின் பிக்கப் வண்டி கிளம்ப மறுத்து ஒரு மணி நேரமாகிவிட்டது. பின்னால் முப்பது பெட்டி மீன். ஐஸ் உருகித் தார்ச்சாலையில் வழிந்துகொண்டிருந்தது. "நீங்கள் துயரத்தில் இருக்கிறீர்கள். வண்டி ஓட்டத் தகுதியில்லை" என்று ஸ்டியரிங் பக்கத்துத் திரை அதே பல்லவியைப் பாடியது. கணவன் ஆரோக்கியம் இறந்து பதினோரு நாள்தான் ஆகிறது. அதை அவளுக்கு எடுத்துச் சொல்ல ஒரு திரை!

மெக்கானிக் லூர்து, ஓட்டுநரின் முகத்தைப் பார்க்கும் கேமராவைத் துடைத்தான். திரையை மூன்று முறை அணைத்துப் போட்டான். கடைசியில் கம்பெனிக்கே போன் செய்தான்.

"ஸ்கிரீன்ல கோளாறு இல்ல சார்" என்றது அங்கிருந்த குரல். "மேடம் மூஞ்சிலதான். கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்க."

"அவன் வீட்டுல எழவு விழும்போது அவன இளிச்சுக் காட்டச் சொல்லுலே" என்றாள் செலஸ்டினா.

லூர்து போனை வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "சிரிச்ச மாதிரி போட்டோ எதுவும் இருக்காக்கா?"

பர்ஸில் இருந்தது ஒரே ஒரு கல்யாணப் படம். அவன் அதைக் கேமரா முன்னால் பிடித்தான். "ஓட்டுநர் ஒருவர் மட்டுமே இருக்க வேண்டும்" என்றது திரை.

"அண்ணன வெட்டிரலாமாக்கா?"

"ஒங் கைய வெட்டிப்புடுவேன். மடிச்சு ஒட்டு."

ஆரோக்கியத்தைப் பின்பக்கம் மடித்து, படத்தைக் கேமரா முன்னால் ஒட்டினான். இஞ்சின் உறுமியது.

தூத்துக்குடி மார்க்கெட் வரை அவள் அழுதுகொண்டே ஓட்டினாள். ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை திரை அவளுடைய மலர்ந்த முகத்தைப் பாராட்டியது.