ஒளித்து வைத்த செருப்பு

"கால் ஒடஞ்சு கெடக்கிறவன் செருப்பை ஒளிச்சு வைக்கிற பொண்டாட்டியை எங்கயாச்சும் பாத்திருக்கியா நீ?"

பார்க்க வந்த தங்கச்சி ஜெசிந்தாவிடம் பங்கிராஸ் இப்படிக் கேட்டார். அண்ணன் மாவுக்கட்டுக் காலைத் தலையணை மேல் ஏற்றிவைத்துக் கட்டிலில் கிடந்தார். திராட்சைத் தோட்டத்தில் ஸ்டூல் மேல் ஏறிக் கொடியைக் கவாத்து வெட்டும்போது, ஸ்டூல் சாய்ந்து பாதத்து எலும்பு முறிந்துவிட்டது.

காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று தேனி டாக்டர் சொல்லியிருந்தார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார். கொடி துளிர் விடுகிற நேரத்தில் தோட்டக்காரன் படுத்துக் கிடக்க முடியுமா? பங்கிராஸ் கம்பை ஊன்றிக்கொண்டு தத்தித் தத்தித் தெருமுனை வரை போய்விட்டார். மனைவி மதலேனாள் பின்னாலேயே வந்து மறித்துக் கூட்டிப்போனாள்.

அன்றைக்கு மாயமானதுதான் செருப்பும் கம்பும். வெறுங்காலோடு வாசல்படி தாண்டுகிற வழக்கம் பங்கிராஸுக்குக் கிடையாது. ஊருக்குள் ஒரு மதிப்பு இருக்கிறதல்லவா.

"கேட்டா, ஊனாதீக ஊனாதீகன்னு ஒரே பாட்டு. அழுகை வேற. இப்படியே கெடந்தா காலு வெளங்காமப் போயிரும் ஜெசி. அப்புறம் ஊரு என்னைய நொண்டிப் பங்கிராஸுன்னுதேன் கூப்பிடும்."

அந்தப் பயம்தான் அவரைத் தின்றுகொண்டிருந்தது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் இதையே சொல்லிப் புலம்பினார். வந்தவர்களும் சும்மா வரவில்லை. திராட்சைக்காரனுக்கே திராட்சை வாங்கி வந்து, புருசனைக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறாளே என்று மதலேனாளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பங்கிராஸ் டம்ளரால் கட்டிலைத் தட்டினார். தண்ணீர் வேண்டுமென்றாலும் தட்டுவார், விசிறி வேண்டுமென்றாலும் தட்டுவார். தட்டியதும் ஆள் வந்து நிற்க வேண்டும். மதலேனாளோ அடுப்படியிலிருந்து ஆட்டுக்கால் சூப்போடு, ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஆடி அசைந்துதான் வருவாள்.

"மாதா சப்பரம் கெளம்பிருச்சு. வழி விடுங்கப்பா."

திருவிழாச் சப்பரம் அசைவதுபோல அவள் நடக்கிறாள் என்று பங்கிராஸ் எத்தனையோ வருசமாகச் செய்யும் கேலி அது. எப்போது சொன்னாலும் கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். ஜெசிந்தாவும் சிரித்தாள். மதலேனாளும் சிரித்துக்கொண்டே கிண்ணத்தை நீட்டினாள்.

ஜெசிந்தா கிளம்பும்போது மதினியைத் தனியாக இழுத்துக் கொஞ்சம் கடிந்தே பேசினாள். ஊர் வாயை மூட முடியாது, பேசாமல் செருப்பை எடுத்துக் கொடுத்துவிடுங்கள் என்றாள்.

"ஊரு பேசிட்டுப் போகட்டும் தாயி. அவுக காலு கோணாமக் கூடுனாப் போதும் எனக்கு."

இப்படியும் ஒரு பிடிவாதமா என்று ஜெசிந்தா தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

கட்டுப் பிரிக்கிற நாள் வந்தது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், எலும்பு கோணாமல் கூடியிருக்கிறது என்றார். நடை பழக்குவதற்குக் கயல் என்ற பெண்ணிடம் அனுப்பிவைத்தார். மதலேனாள் ஆட்டோவில் விட்டுவந்த பையை எடுக்க வாசலுக்குப் போயிருந்தாள்.

கயல் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "பாதிப் பேரு சொல்லச் சொல்லக் கேக்காம ஊனிக் கெடுத்துக்கிட்டு வருவாக. நீங்க நல்லாப் பாத்துக்கிட்டீகய்யா."

"எல்லாம் நம்ம பக்குவந்தேன்" என்று பங்கிராஸ் மீசையை நீவிக்கொண்டார்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்தார். வலிக்குப் பயந்து, பாதத்தின் ஓரத்தை மட்டும் ஊன்றினார்.

"அப்படி ஓரமா ஊனாதீகய்யா. பழகிட்டா ஆயுசுக்கும் மாறாது." கயல் வராந்தாவின் கடைசியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அந்தா ஒரு அம்மா வர்றாகள்ல, அவுக நடையைப் பாருங்க. எப்பவோ பாதத்துல எலும்பு ஒடஞ்சிருக்கும் போல. கட்டும் போடாம, படுக்கவும் விடாம, நடந்து நடந்தே கூடியிருக்கும். வீட்டுல யாரும் கூட்டிட்டுப் போகல போல. பாவம்."

பங்கிராஸ் திரும்பிப் பார்த்தார்.

ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஆடி அசைந்து, மதலேனாள் வந்துகொண்டிருந்தாள்.

திராட்சைக்குப் பந்தல் போட்ட வருசம், ஊன்ற வைத்திருந்த கல்தூண் சரிந்து அவள் பாதத்தில் விழுந்தது. கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, சுளுக்குத்தான், எண்ணெயைத் தேய் என்று சொன்னவர் இதே பங்கிராஸ்தான். அன்றைக்குக் கல் ஊன்றிய ஆட்களுக்கெல்லாம் அவள்தான் அடுப்படியில் நின்று கறிக்குழம்பு வைத்தாள். மறுநாள் களையெடுக்கவும் போனாள். ஊனாதீக, ஊனாதீக என்று ஏன் அப்படி அழுதாள் என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

அந்தக் கல் விழுவதற்கு முன்னால் அவள் எப்படி நடந்தாள்? கல்யாணத்தன்று கோயிலுக்குள் பக்கத்திலேயே நடந்து வந்தாளே, அந்த நடை எப்படி இருந்தது? பங்கிராஸ் நினைத்து நினைத்துப் பார்த்தார். ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. கேலி பேசியதுதான் ஞாபகம் இருந்தது.

மதலேனாள் பக்கத்தில் வந்து பையைப் பிரித்தாள். உள்ளே துடைத்துப் பளிச்சென்று வைத்திருந்த அவருடைய செருப்பு.

"இனிமே ஊனலாம்ல தாயி?" என்று கயலிடம் ஒரு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, குனிந்து அவர் காலடியில் செருப்பை வைத்தாள். நிமிர்ந்து பார்த்தவள், அவர் கண் கலங்கியிருப்பதைக் கண்டு பதறிப்போனாள்.

"ரொம்ப நேரம் நிக்க வச்சுட்டேனா? கோவிச்சுக்காதீக. எனக்கு வெரசா நடக்க வரலைங்க."