பேருக்குப் பக்கத்தில் இரண்டு எழுத்து

"டீச்சர், மனசத் திடப்படுத்திக்கங்க. உங்க பேருக்குப் பக்கத்துல ஆர்.ஏ.ன்னு வருது."

போனில் பேசியவன் ஜேசுராஜ். உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டு எதிரில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறான். உமாதேவி டீச்சரிடம் பத்தாம் வகுப்பில் அறிவியல் படித்தவன். படித்தவன் என்பதைவிட, உட்கார்ந்திருந்தவன் என்றால் பொருத்தமாக இருக்கும்.

"நல்லாப் பாருடா!"

"நல்லாத்தான் பாத்தேன். நெட்டு நத்தையா நகருது, பாதிப் பக்கம் இன்னும் இறங்கல. ஆனா மேல பளிச்சுன்னு தெரியுதே. ஆர்.ஏ.ன்னா திருப்பி எழுதணும். தெனம் எத்தனை காலேஜ் பிள்ளைக இங்கன வந்து அதப் பாத்து அழுகுதுக! கவலப்படாதீக டீச்சர், நானே பத்தாப்ப மூணு தடவ எழுதித்தான..."

உமாதேவி போனை வைத்துவிட்டாள். ஜேசுராஜ் ஆறுதல் சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டதே நம் பிழைப்பு என்று ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது.

அஞ்சல் வழியில் எம்.எஸ்ஸி. விலங்கியல். இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை என்றால் மதுரையில் வகுப்பு. பஸ்ஸில் ஆண்டிபட்டி வரை மரபியல், அதற்கப்புறம் தூக்கம். பிராக்டிகலுக்காகப் பிடித்து வைத்திருந்த கரப்பான்பூச்சி டப்பாவைக் கடுகு டப்பா என்று நினைத்து மாமியார் திறந்துவிட்டு, போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டது ஒரே ஒரு ஆசைக்காக. பள்ளிக்கூடச் செயலாளர் சொல்லியிருந்தார்: "ஜூனுக்குள்ள எம்.எஸ்ஸி. முடிச்சிட்டா பிளஸ் டூ உயிரியல் உங்களுக்குத்தான். இல்லாட்டி வெளியாளப் போட்டுருவோம் டீச்சர்." பிளஸ் டூ வகுப்பில் நின்று பாடம் நடத்த அவள் பதினான்கு வருடமாகக் காத்திருக்கிறாள்.

"விட்டது சனி! இனி கரப்பான்பூச்சி பிடிக்க வேண்டாம்" என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். நிம்மதி வரவில்லை, கண்ணீர்தான் வந்தது.

வாசலில் டி.வி.எஸ். வண்டி நின்றது. உரம் வாங்க டவுனுக்கு வந்திருந்த அப்பா அழகர், மடித்த தாள் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"கம்ப்யூட்டர் கடைத் தம்பி கூப்பிட்டுக் குடுத்துச்சு ஆத்தா. அடிச்சு எடுத்தேன், பாக்க மனசு வரலைன்னு சொல்லுச்சு. என்னத்தா, போயிருச்சா?"

"போச்சுப்பா. அதக் கிழிச்சுப் போடுங்க. நான் பாக்க மாட்டேன்."

"ஒரு வெள்ளாமை போச்சுன்னா நிலத்தையா வித்துப்புடுறோம்? திருப்பி எழுது."

"அதுக்குள்ள வேற ஆளப் போட்டுருவாகப்பா. என் நேரம் அவ்வளவுதான்."

அழகருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. இருந்தாலும் மகள் பேர் இருக்கிற தாளைப் பார்க்காமல் கிழிக்க அவருக்கு மனசில்லை. பிரித்து வைத்து, கண்ணாடியை வேட்டியில் துடைத்து மாட்டிக்கொண்டு, மேலிருந்து விரலை ஓட்டினார். முதல் வரியிலேயே விரல் நின்றுவிட்டது.

"ஆத்தா, இங்கன வா. இது நம்ம மார்க்கு இல்ல?"

"எந்த மார்க்குப்பா?"

"கேரளாவுக்குப் போற திராட்சைப் பெட்டியில எல்லாம் அடிப்போமே, ராயப்பன்பட்டி அழகருன்னு ரெண்டு எழுத்து! அத எதுக்கு உன் பரீட்சைத் தாள்ல போட்டிருக்காக?"

பிடுங்கிப் பார்த்த உமாதேவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கல்யாணமான நாளிலிருந்து புருஷன் பேரைச் சேர்த்து எஸ். உமாதேவி என்றே கையெழுத்துப் போட்டுப் பழகியவளை, பல்கலைக்கழகம் மட்டும் பழைய சர்டிபிகேட்டில் இருந்தபடியே ஊர் பேரும் அப்பா பேருமாக 'உமாதேவி ஆர்.ஏ.' என்று அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே, ஜேசுராஜின் கம்ப்யூட்டரில் அப்போது இறங்காமல் இருந்த பாதியில், எல்லாப் பேப்பருக்கும் நேராக 'பாஸ்' என்று இருந்தது.