பின்வரிசைக் கேள்வி

"ஆலிமா, ஒரு சந்தேகம்."

பின்வரிசையில் மருந்துக் கடைப் பெண் மறுபடியும் கையைத் தூக்கினாள். முதல் வரிசையில் இருந்த தையல்காரிக்குக் காது சூடாயிற்று. போன வாரம் குதிகாலைப் பற்றிக் கேட்டாள். அதற்கு முந்தின வாரம் மோதிரம். இன்றைக்கு எதைக் கொண்டு வந்திருக்கிறாளோ.

"உளூ செய்யும்போது கையை எதுவரைக்கும் கழுவணும்? முழங்கையும் சேருமா, இல்ல அதுக்குக் கீழயே நிறுத்திக்கலாமா?"

வகுப்பு குலுங்கிச் சிரித்தது. அத்தனை பேரும் பிள்ளை பெற்ற பெண்கள், தினம் ஐந்து வேளை தொழுகிறவர்கள். தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுவதில் போய் ஒரு சந்தேகமா?

"எங்க வீட்ல ஆறு வயசுப் பொண்ணு சொல்லிடும்மா இதை," என்றாள் தையல்காரி, திரும்பிப் பார்க்காமலே.

"உன் கடையில இதுக்கு மாத்திரை ஏதும் வரலையா?" என்று இன்னொருத்தி கேட்க, சிரிப்பு இன்னொரு சுற்று வந்தது.

மருந்துக் கடைப் பெண்ணும் கூடச் சேர்ந்து சிரித்தாள். பாடம் நடத்தும் ஆலிமா மட்டும் சிரிக்கவில்லை. "முழங்கையும் சேரணும். ஒரு விரல் அகலம் காய்ஞ்சிருந்தாலும் உளூ செல்லாது," என்று நிதானமாகச் சொல்லிவிட்டுப் பாடத்துக்குத் திரும்பினார்.

கல்வி தேடுகிறவர்களின் ஒழுக்கம்தான் இந்த மாதம் முழுக்கப் பாடம். 'கேட்பவரைப் பார்த்துச் சிரிக்காதே' என்ற வரியைத் தையல்காரி சற்று முன்புதான் சிவப்பு மையில் எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தாள். அது கண்ணில் பட்டதும் அவசரமாகப் பக்கத்தைத் திருப்பினாள்.

உள்ளே ஏதோ சுருக்கென்றது. அது தனக்கான வெட்கம் இல்லை, அந்தப் பெண்ணுக்காகத் தான் படுகிற வெட்கம் என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டாள்.

நாளையிலிருந்து சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு தொடங்குகிறது. உளூ செய்து காட்ட இவர்களில் ஒருவரை ஆலிமா இன்று தேர்ந்தெடுப்பார். இரண்டு மாதமாகத் தையல்காரி அதற்காகவே ஒரு வகுப்பும் தவறாமல் வருகிறாள். முதல் வரிசை போய்விடக் கூடாதே என்று, மணிக்கட்டுகூடத் தெரியாதபடி தானே பிடித்துத் தைத்த சட்டைக் கையை ஏறினவரை ஏற்றி, குழாயடியில் உளூவை முடித்துக்கொண்டு ஓடி வருவாள்.

அங்கேயும் அந்தப் பெண் விடுவதில்லை. பக்கத்துக் குழாயிலிருந்து, "அக்கா, ஒரு நிமிஷம்…" என்று இழுப்பாள். "சந்தேகமெல்லாம் கிளாஸ்ல கேளும்மா," என்று சொல்லிவிட்டுத் தையல்காரி படியேறிவிடுவாள். அவளும் சொன்னபடியே வகுப்பில் கேட்டு மானத்தை வாங்குகிறாள்.

வகுப்பு கலைந்ததும் தையல்காரி தயங்கித் தயங்கி முன்னே போனாள்.

"தப்பா நினைக்காதீங்க ஆலிமா. அந்தப் பொண்ணை ஆரம்ப வகுப்புக்கு அனுப்பிடலாமே. அவளுக்கும் சங்கடம், நமக்கும் நேரம் போகுது."

தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரான ஆலிமா, பாடக் கிதாபை உறையில் போட்டபடி அவளை நிமிர்ந்து பார்த்தார். "இந்தக் கிதாபை அவங்க எப்பவோ ஓதி முடிச்சவங்கக்கா. மறந்துடக் கூடாதுன்னு வந்து உட்கார்றாங்க."

"அப்ப எதுக்கு இந்தக் கேள்வியெல்லாம்?"

"நானும் கேட்டேன். யாருக்காவது பிரயோஜனப்படும்னாங்க. யாருக்குன்னு எவ்வளவோ கிண்டிப் பார்த்தேன், வாயே திறக்கல." ஆலிமா எழுந்துகொண்டார். "அது கிடக்கட்டும். நாளைக்குப் பிள்ளைங்களுக்கு உளூ செஞ்சு காட்ட உங்களைத்தான் நினைச்சிருக்கேன். வந்துடுவீங்கதானே?"

"இதுக்குத்தானே ஆலிமா காத்துக்கிட்டிருந்தேன்!"

படியிறங்கும்போது தையல்காரிக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனாலும் அந்த இன்னொரு விஷயம் மனதில் உறுத்திக்கொண்டே வந்தது. இத்தனை வயதுக்கு மேல் உளூகூட ஒழுங்காகச் செய்யத் தெரியாத அந்தப் பாவி யாராக இருக்கும்? மூன்றாவது வரிசை ஆயா வேலைக்காரியா? எப்போதும் தூங்கி விழும் அந்தத் தடித்த அம்மாவா? ஒவ்வொரு முகமாக நிறுத்திப் பார்த்தாள்.

மாலை நேரத்து அஸர் தொழுகைக்கு நேரமாகியிருந்தது. குழாயடியில் நின்று மணிக்கட்டின் பொத்தானை விடுவித்தாள். சட்டைக் கையை மேலே தள்ளினாள். அது வழக்கமான இடத்தில், முழங்கைக்கு இரண்டு விரற்கடை கீழே, இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது.

அவளும் நின்றுவிட்டாள்.

தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. விரலில் புதைந்து கிடந்த மோதிரத்தைத் திருகிப் பார்த்தாள். அசையவில்லை. குனிந்தாள். எப்போதும் அவசரமாக நனைத்துவிட்டு ஓடும் காலில், குதி வெடித்து வெளிறிக் கிடந்தது. மோதிரம், குதிகால், முழங்கை. எத்தனை வருடத் தொழுகை. நாளைக்கு இருபது பிள்ளைகள் இந்தக் கையைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ளப் போகின்றன.

பக்கத்துக் குழாய் மூடப்படும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்க்க அவளுக்கு முகம் இல்லை.

மருந்துக் கடைப் பெண் சுற்றுமுற்றும் ஒருமுறை பார்த்தாள். காதில் விழும் தூரத்தில் யாரும் இல்லை என்று தெரிந்த பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"கை இறுக்கமா இருக்காக்கா? நான் ஏத்திப் பிடிச்சுக்கட்டுமா?"