மூவரின் சாட்சி

வேதமாணிக்கம் இடுப்பளவு ஆற்றுத் தண்ணீரில் நின்றார். பிதா, குமாரன், ஆவி என்று மூவர் இல்லை, இயேசு ஒருவரே எல்லாம் என்று பல வருடம் பிரசங்கித்தவர். போன மாதம் நடந்த விவாதத்தில் போதகர் ஜெபநேசன், பரலோகத்தில் சாட்சி சொல்பவர்கள் மூவர், அந்த மூவரும் ஒன்று என்ற யோவானின் வசனத்தைப் படித்ததும் வேதமாணிக்கம் தோல்வியை ஒப்புக்கொண்டார். மறுநாளே தன் சபைக் கொட்டகையைப் பூட்டினார். அன்று முதல் மகள் அவரோடு பேசுவதில்லை. இப்போது அதே ஜெபநேசனிடம் மூவரின் பெயரால் ஞானஸ்நானம் பெற வந்திருந்தார்.

"ஐயா, முக்குததுக்கு முன்ன அந்த வசனத்த ஒருதரம் சொல்லுங்க. அதுக்காகத்தான் எல்லாத்தையும் விட்டுட்டு வந்தேன்."

அவர் தலையில் வைத்த கையை ஜெபநேசனால் அழுத்த முடியவில்லை. கரையில் சபையார் பாட்டை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள்.

"அந்த வரி பழைய கிரேக்கப் பிரதிகள்ல கிடையாது. பிற்காலத்துல சேத்தது," என்றார் மெதுவாக.

"ஐயாவுக்கு எப்பம் தெரியும்?"

"வேதக் கல்லூரியில படிக்கும்போதே தெரியும்."

"அப்பம் மூவருக்கு வேற சாட்சியே இல்லையா?"

"இருக்கு. இயேசு ஞானஸ்நானம் வாங்கும்போது குமாரன் தண்ணியில நிக்காரு, ஆவி புறாவா இறங்குது, பிதா வானத்துலேர்ந்து பேசுதாரு."

"பொறவு ஏன் அன்னைக்கு அதச் சொல்லல?"

"அதுக்கெல்லாம் நீங்க பதில் வச்சிருந்தீங்க. இதுக்குத்தான் இல்ல."

தண்ணீருக்குள் நின்றும் ஜெபநேசனுக்கு முகம் எரிந்தது. வேதமாணிக்கம் தன் தலைமேலிருந்த கையைப் பிடித்து இறக்கினார். ஆனால் விடவில்லை.

"இப்பச் சொல்லுங்க. நானும் பதில் சொல்லுதேன். யாரு யார முக்கணும்னு பொறவு பாப்போம்."