பீடத்துக்கு அடியில்

பிரேசிலின் அந்த மலையூரில் கடைசிப் பொன் இழை கோயில் பீடத்துக்கு அடியில்தான் ஓடியது. பூசையில் இனாசியா தொண்டை கிழியப் பாடுவாள். கீழே அவள் கணவன் தோமே களவாகக் கடப்பாரை போடும் சத்தம் அதில் அமுங்கிவிடும். அந்த ஞாயிறு, பாட்டின் நடுவில் தரை ஒருமுறை குலுங்கியது. பிறகு காலடியில் கடப்பாரையின் அதிர்வு இல்லை. பாட்டு முடிந்தும் அவளால் நிறுத்த முடியவில்லை.

"போதும் இனாசியா, ஆண்டவருக்குக் காது நன்றாகவே கேட்கும்" என்றார் சாமியார். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆளைக் கூப்பிட்டால் பொன் களவு வெளிப்பட்டு இருவருக்கும் தூக்கு. கூப்பிடாவிட்டால் மண்ணுக்குள் அவன் மட்டும் சாவான். சட்டென்று வாயை மூடி மண்டியிட்டாள். காதைத் தரையோடு வைத்து அழுத்தினாள். பக்தி முற்றிவிட்டதென்று நினைத்து முன்வரிசைக்காரர்கள் மண்டியிட்டார்கள். பிறகு கோயில் முழுவதும், மூச்சுச் சத்தம்கூட இல்லாமல், தரையில் காதை வைத்தது.